விபத்துப் புத்தகத்தில் நான் எழுதிய கை

என் இங்கிலீசைப் பற்றி எனக்கு ஒரு திமிர் இருந்தது. இருக்கவில்லை என்று இங்கே எழுதினால் என் மனைவி வாசித்துவிட்டுச் சிரிப்பாள், ஆகவே முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஊரில் ஃபாதர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். லண்டனுக்கு வந்து, மோர்டனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய லோண்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே இருந்த தமிழ் ஆட்களில் ஒரு ஃபோர்மைக் கையில் எடுத்து மேலிருந்து கீழ்வரை நிரப்பக்கூடியவன் நான் ஒருவன்தான். கவுன்சில் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம், பெனிபிட் ஃபோர்ம் எல்லாம் என்னிடம் வரும். நானும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு, தேநீர் இடைவேளையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரப்பிக் கொடுப்பேன்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் கழுவி அனுப்புகிற இடம் அது. கழுவிய துணி ஈரத்தோடு ஆள் உயரக் கம்பிக் கூட்டில் வரும். அடியில் உருளுகிற சில்லு வைத்த கூடு, நாங்கள் கேஜ் என்போம். அதை இழுத்துப்போய் உலர்த்துகிற மெஷினடியில் விடுவதுதான் வேலை. இழுக்கிறவனுக்குத்தான் ஈரத் துணியின் பாரம் தெரியும், சம்பளம் போடுகிறவனுக்குத் தெரியாது.

என்னோடு கேஜ் இழுத்தவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். ஜெர்மன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீசு மட்டும் வரவில்லை. வேலையிடத்தில் அவருக்கு வாய் நான்தான்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மாசி மாதம், காலை ஷிப்ட். தரையில் தண்ணீர் வடிகிற கம்பிச் சட்டத்தில் ஒரு கேஜின் சில்லு இறங்கிவிட்டது. கேஜ் சரிந்தது. விட்டிருந்தால் துணி மட்டும் கொட்டுப்பட்டிருக்கும். ஆனால் அண்ணை பொறுப்பான மனிதர், வலது கையை நீட்டி அதைத் தாங்கப் போனார்.

"ஐயோ, என்ர கை! கை போச்சுது தம்பி, கை போச்சுது!"

நான் ஓடிப்போனபோது நிலத்தில் குந்திக்கொண்டிருந்தார். முகம் வேர்த்து ஊற்றியது. எங்கள் சூப்பர்வைசர் ஓர் ஐரிஷ்காரப் பெண், நல்ல மனுசி. சின்னக் கீறலென்றாலும் விபத்துப் புத்தகத்தில் எழுத வேண்டும், பின்னுக்கு உதவும் என்று சொல்லி, அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணை சொன்னது அவளுக்கு விளங்காதபடியால் பேனை என்னிடம் வந்தது. கேஜ் சரிந்ததை, அதைப் பிடித்ததை, நேரத்தை எல்லாம் வடிவான கையெழுத்தில் எழுதினேன். அடிபட்ட இடம் என்ற கட்டத்தில் 'ரைட் ஹாண்ட்' என்று போட்டேன். அண்ணை இடது கையால் ஒப்பமிட்டார். அவள் என் எழுத்தைப் பார்த்துப் புகழ்ந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

நம்மவர்களுக்கு டொக்டரிடம் போவதென்றால் கடைசி யோசனைதான். அண்ணை மூன்று கிழமை வீட்டிலிருந்து தைலம் பூசினார். அண்ணி கத்திக் கத்தித்தான் கடைசியில் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கான் எடுத்துப் பார்த்ததில் வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. நெஞ்சு மட்டத்துக்கு மேல் கையைத் தூக்க ஏலாது. தலை சீவி இழுப்பதற்கும் சேர்ட் போடுவதற்கும் அண்ணி வேண்டும். இருபத்தெட்டுக் கிழமை நோய்க்காலச் சம்பளம் கொடுத்தார்கள். அது முடிந்ததும், உங்களுக்குத் தோதான வேலை எங்களிடம் இல்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். "முதலாளிக்கு எதிரா கேஸ் போடு" என்பார் ஒருவர். "போட்டால் ஒருத்தனும் பிறகு வேலை தரமாட்டான்" என்பார் இன்னொருவர். வேலை தந்தவனைக் கோட்டுக்கு இழுக்கமாட்டேன் என்று அண்ணை ஒரே பிடியாக நின்றார். நான்தான் விசாரித்துக் கண்டுபிடித்தேன்: வேலையில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற ஒரு பெனிபிட் இருந்தது. யாருடைய பிழை என்று அது கேட்காது. வேலை செய்யும்போது நடந்த விபத்தா, அதனால் உடம்பில் எவ்வளவு குறைந்துபோயிருக்கிறது, இந்த இரண்டையும்தான் பார்க்கும். பெரும்பாலும் நூற்றுக்குப் பதினான்கு பங்காவது குறைந்திருந்தால்தான் ஏதும் கிடைக்கும். ஃபோர்மை நானே நிரப்பினேன், தோள் மூட்டு என்று டொக்டர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதினேன். அது கட்டாயம் கிடைக்கும் என்று அண்ணிக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன், வாய் சும்மா இருந்தால்தானே.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பதில் வந்தது. விபத்து நடந்தது உண்மை, ஏற்றுக்கொள்கிறோம். அன்று அடிபட்டது கையில், அது சுகமாகிவிட்டது. தோள் வருத்தம் மூன்று கிழமைக்குப் பிறகுதான் முதன்முதலாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆகவே அது இந்த விபத்தால் வந்ததல்ல. ஒரு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம். இதை நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அண்ணையின் முகம் கறுத்தது.

"அப்ப நான் பொய் சொல்லிக் காசு கேக்கிறன் எண்டே எழுதியிருக்கிறாங்கள்?"

"அப்பிடி எழுதேல்லை அண்ணை."

"வேற என்ன கருத்து? காசு போனால் போகட்டும். என்னைக் கள்ளன் எண்டு எழுதின கடிதம் என்ர வீட்டில இருக்கக் கூடாது."

நோர்பரிப் பக்கம் ஓர் இலவசச் சட்ட ஆலோசனை இடம் இருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மா ஒருத்தி எங்களை இருத்திவைத்து, கடிதத்தையும் விபத்துப் புத்தகப் பக்கத்தின் பிரதியையும் இரண்டு மூன்று தரம் வாசித்தாள். அன்றைக்கு அவர் எங்கே நோகிறது என்று சொன்னார், கேளுங்கள் என்றாள். நான் கேட்டேன். அண்ணை "கை" என்றார். நான் 'ஹாண்ட்' என்றேன். அவள் அண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சின்ன மஞ்சள் ஒட்டுத்தாளைக் கிழித்து, அன்று முதல் நோ வந்த இடத்தில் இதை ஒட்டச் சொல்லுங்கள் என்றாள். அண்ணை ஒரு கணமும் யோசிக்காமல் அதைத் தோளின் உச்சியில் ஒட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பி, என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதுக்குக் கீழேதான் ஹாண்ட். இதுக்கு மேலே ஹாண்ட் இல்லை."

அது எனக்குத் தெரியாதா? தெரியும். யாராவது பரீட்சையில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன். ஆனால் எங்கள் வாயில் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் கைதானே? அண்ணை கை என்று கத்தினார், நான் கையை எழுதினேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல். அந்தக் கதிரையில் இருக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்பீலை நான் போடுகிறேன், இதை நீங்கள் ஒரு வாக்குமூலமாக எழுதித் தரவேண்டும், விசாரணைக்கும் வரவேண்டும் என்றாள் அந்த அம்மா. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் எழுதவில்லை. ஏனென்றால் அந்த மாதந்தான் ஐரிஷ்காரி ஓய்வு பெறுகிறாள் என்று கதை வந்திருந்தது. மனேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்த இடத்துக்கு உன்னை யோசிக்கிறேன், எழுத்து வேலையும் விபத்துப் புத்தகமும் உன் பொறுப்பாகும் என்று சொல்லியிருந்தார். அதே புத்தகத்தில் பிழையாக எழுதினேன் என்று நானே எழுதிக் கையெழுத்து வைப்பதா? நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு நாள் போனது. அண்ணை போனில் கூப்பிட்டபோது இரண்டு தரம் எடுக்காமலும் விட்டேன்.

என் மனைவிக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. சோற்றுக்கோப்பையை எனக்கு முன்னால் டக்கென்று வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட இங்கிலீசின்ர மானம் போகக்கூடாது எண்டு அந்த மனிசன் கள்ளனாகிறதே? வெக்கமா இல்லையே?"

"உனக்கென்ன தெரியும், எனக்கு வாற புரமோஷன்..."

"மண்ணாங்கட்டி புரமோஷன்! சாப்பிட்டிட்டு எழுதுங்கோ. எழுதாட்டி நாளைக்கு நானே அண்ணியிட்டைப் போய்ச் சொல்லுறன்."

எழுதினேன். விசாரணைக்கு லீவு கேட்கும்போது மனேஜரிடம் காரணத்தையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு "ஓகே" என்றார், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. காரணம் அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

விசாரணை ஆடி மாதத்தில் நடந்தது. கோட்டு, நீதவான் என்று நினைத்து நான் டை கட்டிப் போனேன். பார்த்தால் ஒரு கந்தோர் அறை, நீள மேசை, தண்ணீர்ச் சாடி. மேசைக்கு அப்பால் இரண்டு பேர்: சட்டம் படித்த ஒரு பெண்மணி, அவர்தான் தலைவர், பக்கத்தில் ஒரு டொக்டர். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். அண்ணை "தூக்க ஏலாது" என்றதும் அவர் திகைத்து, "முடியாதுங்களா?" என்று கேட்டார். "ஓம், ஏலாது" என்றார் அண்ணை.

என் முறை வந்தது. டொக்டர் என் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஹாண்டுக்கு உங்கள் மொழியில் என்ன?"

"கை."

தன் முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டி, "இந்தப் பகுதிக்கு?"

"அதுவும் கைதான்."

அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "ஆமா சார், எங்க ஊர்லயும் கைதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு இங்கிலீசில் சொன்னார் அந்த மனிதர்.

தலைவர் சிரிக்கவில்லை. "தோளுக்கு உங்களிடம் சொல் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கிறது. தோள் என்போம். ஆனால் வேதனையில் கத்துகிற மனிதன் கை என்றுதான் கத்துவான்."

"அப்படியானால், அன்று அவர் தோளைத்தான் சொன்னார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தோளைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டீர்களா?"

ஓம், கண்டேன் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் ஏற்கனவே ஒரு சொல்லைப் பிழையாகப் போட்டு ஒரு மனிதனை இங்கே கொண்டுவந்து இருத்தியவன் நான்.

"தெரியாது," என்றேன். "அவர் எதைப் பிடித்திருந்தார் என்று நான் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்கவுமில்லை. தாளைத்தான் பார்த்தேன். என் இங்கிலீசு பிழையில்லாமல் வரவேண்டும் என்பதில்தான் என் கவனம் இருந்தது."

தலைவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு அண்ணையிடம், அப்படியானால் நீங்கள் ஏன் அதில் கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்டார். "தம்பி எழுதினது. அதுதான் வைச்சனான்" என்றார் அண்ணை. டொக்டர் எழுந்து வந்து அவருடைய தோளைப் பார்த்தார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் கெடுத்துவிட்டேன் என்றுதான் அந்தக் கால் மணித்தியாலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களோடு வந்திருந்த ஆலோசனை அம்மா எனக்கு ஒரு மிட்டாய் தந்தாள்.

திரும்பக் கூப்பிட்டு ஒரு தாளைத் தந்தார்கள். தோள் காயம் அந்த விபத்தால் வந்ததுதான், நூற்றுக்கு இருபது. நான் வாசித்துச் சொன்னதும் அண்ணை முதலில் கேட்டது, "கள்ளன் இல்லை எண்டு எழுதியிருக்கோ?" "ஓம் அண்ணை, நீங்கள் சொன்னதை நம்புறம் எண்டு எழுதியிருக்கு." தாளை வாங்கி நான்காக மடித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தோம். பாதி வழியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"ஜெர்மனிலயும் உந்த ஹாண்ட் எண்ட சொல்லுத்தான். அதே எழுத்து, அதே கருத்து. மணிக்கட்டுக்குக் கீழ மட்டும். மேல உள்ளதுக்கு ஆர்ம் எண்டு வேற சொல்லு இருக்கு. நீ எழுதினதை நான் அண்டைக்கே வாசிச்சனான்."

"அப்ப ஏன் அண்ணை அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீ எழுதினதெல்லோ. இங்கிலீசில முழுக் கைக்கும் அதுதானாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"அந்த அம்மா பிழையைப் பிடிச்ச நேரமெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"நீ அண்டைக்கு இருந்த இருப்பைப் பார்த்தனான். அதுக்கு மேல நான் வேற என்னத்தைச் சொல்லுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் அவருக்கு வாயாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு நாளாவது அவருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணை அதைக் கண்டும் காணாதவர்போல, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அண்ணி மீன் வாங்கி வைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.