குடிக்காதவரின் கை நடுக்கம்

பெட்டிக்குள் வைக்கோல் பரப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து, "ஒங்க கூட்டாளி பூட்டாருங்க. காலையில வூட்ல வுழுந்தவரு எழுந்திரிக்கவே இல்லியாம்" என்றார். எந்தக் கூட்டாளி என்று கேட்கத் தேவையில்லை. எனக்கு இருந்தவர் ஒருவர்தான். கடைசி வருடங்களில் அவருக்கும் நான் ஒருவன்தான்.

விருத்தாசலம் பீங்கான் கூடத்தில் கோப்பைகளுக்குக் கோடு போட்ட தணிகாசலத்தை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுழலும் தட்டில் கோப்பையை வைத்துத் தூரிகை முனையை அதன்மேல் தொடுவார். விளிம்பைச் சுற்றி வண்ணக் கோடு ஓடி, தொடங்கிய இடத்தில் வந்து சேரும். கோடு போடும் முன் கைப்பிசுக்குப் போகக் கோப்பையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பது அந்த வேலையின் வழக்கம். ஆகவே அவர் சட்டையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை இருக்கும். மதுவிலக்கு இருந்த காலம் அது. ஸ்பிரிட்டையும் வார்னிஷையும் குடித்துக் கண் போனவர்கள் ஊரில் இருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடும். கூடத்துக்குள் போய்த் தூரிகையைப் பிடித்தால் நின்றுவிடும். எங்கள் ஆட்களுக்கு இது போதாதா? "வரும்போது கை ஆடுது. உள்ள போயி உக்காந்தா நிக்குது. நடுவுல என்னா ஊத்திக்கிறாரு?" என்று மண் பிசைகிறவர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரமே மேற்பார்வையாளர் ஸ்பிரிட் பாட்டிலைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கோப்பை துடைக்க ஒவ்வொரு முறையும் தணிகாசலம் அவர் முன்னால் போய்த் துணியை நீட்டி நிற்க வேண்டும். நின்றார்.

மது என்ன, அவர் புகையைக்கூடத் தொட்டதில்லை. சாயங்காலங்களில் மணிமுத்தாற்று மணலில் உட்காருவோம். நான் பீடியை எடுத்தாலே, "காத்து எப்பிடி அடிக்குதுன்னு பாத்து உக்காருங்க" என்பார். காற்றைப் பார்த்துதான் உட்காருவேன். வேறு யார் என்னோடு அவ்வளவு நேரம் உட்காரப்போகிறார்கள்?

நடையும் குறுகி, முகமும் அசைவற்றுப் போனபிறகு புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். அங்கே ஒரு டாக்டர் கையை மடக்கிப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, இது நடுக்குவாதம், பார்க்கின்சன் என்று பெயர், மூளையில் வருவது என்றார். "குடியால வந்ததுங்களா?" என்று நானே கேட்டேன். இல்லை, குடிகாரன் நடுக்கம் வேறு, இது வேறு என்றார். பிறகு என் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டைப் பார்த்துவிட்டு, புகை பிடிக்கிறவர்களிடம் இந்த நோய் குறைவாகத் தென்படுகிறது என்று வெளிநாட்டில் சொல்கிறார்கள், ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை, அதற்காக யாரும் பிடிக்க ஆரம்பிக்க வேண்டாம், நுரையீரல் கெட்டுவிடும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் தணிகாசலம், "ஒழுங்கா இருந்தவனுக்கு வருதாங்க இது. நல்ல கூத்து" என்றார். வாய் சிரிக்கத்தான் பார்த்தது, முகம் ஒத்துழைக்கவில்லை. நான் கோபத்தில் ஒரு பீடியை எடுத்து நீட்டினேன். "வேணாங்க. கை ஆடுறதுக்கு ஒரு பேரு கெடச்சிது. அது போதும்" என்றார்.

போதவில்லை. டாக்டர் சொன்னதை நான் கூடத்திலும் டீக்கடையிலும் சொல்லிப் பார்த்தேன். "கூட்டாளிய விட்டுக்குடுப்பியா நீ?" என்றார்கள். மூளையில் வரும் நோயைவிடப் பாட்டில் அவர்களுக்குச் சுலபமாகப் புரிந்தது.

அவருடைய ஒரே மகள் செல்வியைப் பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மனைவி எப்போதோ இறந்துவிட்டாள். பேத்தியின் காதுகுத்துக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு போனார். பந்தலில் கால் தேய்த்துத் தேய்த்து நடந்து, யாரைப் பார்த்தும் சிரிக்காமல் நின்றிருக்கிறார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்களாம். மருமகன் அவர் தோளைப் பிடித்து அழைத்துப்போய், பந்தி போடும் முன்பே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். செல்வி பார்த்துக்கொண்டு நின்றாளாம். அன்று மாலை மணலில் இதைச் சொன்னபோது அவர் கை நிற்கவே இல்லை. அதன்பின் மகள் வீட்டுக்கு அவர் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

கருமாதி அன்று நான் போனபோது படையல் தயாராக இருந்தது. இலையில் சோறு, கறிக்குழம்பு, வடை. நடுவில் ஒரு சாராய பாட்டில். கடைகள் திறந்துவிட்ட காலமல்லவா, கிடைப்பதில் சிரமம் இல்லை. மருமகன் கண் கலங்கி என் பக்கத்தில் வந்தார். "அன்னிக்கிக் கோவத்துல பஸ்ஸு ஏத்திவுட்டுட்டேங்க. மனசு கேக்கல. அதான் அவருக்குப் புடிச்சத நானே போயி வாங்கியாந்தேன்" என்றார்.

அந்த ஆளை நான் என்ன செய்வது? அடிக்கவா, கட்டிக்கொண்டு அழவா? குனிந்து பாட்டிலை எடுத்து வெளியே வைத்தேன். சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். செல்வி மட்டும் கிட்டே வந்தாள்.

"அப்பா குடிச்சதே இல்லியா சித்தப்பா?"

"ஒருநாளும் இல்லம்மா."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

இதையே நானும் ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன். "பெத்த பொண்ணுங்க. நான் சத்தியம் பண்ணித்தான் அவ நம்பணும்னா, அப்புறம் நான் என்னா அப்பன்?" என்றார்.

தணிகாசலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வார்த்தைதான். அன்று அதைச் சொல்ல மனம் வராமல் செல்வியிடம், "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டேன்.