டைனமோவுக்கு ஒரு பெரிய புல்லி

போன திங்கட்கிழமை என் மனைவி தங்கத்துக்கு ஒரே ஒரு வேலைதான். காலை பத்து மணிக்குள் சுரண்டைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும். நான்கு வருஷம் காத்திருந்து வந்த ஆர்டர். சேருவதற்கு அன்றுதான் கடைசி நாள்.

"நான் பஸ்ஸுலயே போயிருதேங்க" என்றாள்.

விடுவேனா? வாசலில் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும்போது பஸ்ஸா?

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றது. பார்க்க ஜோர். ஆனால் புளியறை தாண்டி மலையேறினால் லாரிகூட முந்தும். மானம் போகிறதே... பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவைச் சுற்றுவது எஞ்சின்தான். டைனமோவில் பெல்ட் ஓடுகிற சக்கரத்தை எடுத்துவிட்டு இன்னும் பெரிய புல்லி மாட்டினால் அது மெதுவாகச் சுற்றும், எஞ்சினுக்குச் சுமை குறையும் என்று எங்கோ படித்திருந்தேன். தென்காசி மெக்கானிக் ஞானராஜிடம் போனேன்.

"மாட்டுதேன் அண்ணாச்சி. ஆனா வண்டி மெதுவாப் போனா பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. சாரல் சீசன்ல லைட்டு, வைப்பரு எல்லாம் போடுவீயளே?"

"நான் எங்கேய்யா மெதுவாப் போறேன்?" என்றேன்.

மாட்டிய பிறகு ஒரு லாரியை முந்தினேன். நிஜமாகத்தான்! டீ குடிக்க டிரைவர் ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை எங்கள் குற்றாலத்தில் சாரல். ஒரே இருட்டு. லைட், வைப்பர் இரண்டையும் போட்டேன். ரோடு முழுக்க அருவிக்குப் போகிற கூட்டம். அரை மணி நேரம் ஊர்ந்தோம். சார்ஜ் ஏறவில்லை என்று சொல்கிற சிவப்பு விளக்கு அணையவே இல்லை. நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மேலகரத்துக்கு முன்னாலேயே எஞ்சின் நின்றது. ஸ்டார்ட்டரை இழுத்தேன். 'டக்' — அவ்வளவுதான்.

தங்கம் ஆர்டரை மடியில் வைத்துக்கொண்டு வாட்சைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எதிரே ஆறு பேர் வந்தார்கள். குளிக்கப் போகிறவர்கள். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய்.

"எங்கன போணும் அண்ணாச்சி?"

சொன்னேன்.

"ஏலே, டீச்சரம்மா பத்து மணிக்குள்ள வேலையில சேரணுமாம்லே. தள்ளு!"

தள்ளினார்கள். கைதான் வழுக்கிக்கொண்டு போனது, கார் நகரவில்லை. ஒருவர் ரோட்டோர மணலை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். மற்றவர்களும் தேய்த்தார்கள். ஐயோ, பெயின்ட் கீறுமே... வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். தங்கமும் இறங்கிக் கைகொடுத்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் ஓடி வந்து ஏறினாள். நன்றி சொல்ல நிறுத்தினால் மறுபடி நின்றுவிடுமே? கிளம்பிவிட்டேன்.

லைட்டை அணைத்தேன். வைப்பரை நிறுத்தினேன். தங்கம் வெளியே கையை நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பத்துக்கு ஐந்து நிமிஷம்.

பழைய புல்லியே மறுபடி ஏறிவிட்டது. மலையில் லாரிகள் முந்துகின்றன. முந்தட்டுமே!

அந்த ஆறு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. குளிப்பை விட்டுவிட்டு, யாரோ ஒருத்தியின் வேலைக்காக மழையில் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். இதைப் படிக்கிறீர்களா ஐயா? கைகூப்பிக் கும்பிடுகிறேன்.

பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் தங்கம் போட்ட முதல் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவளுடைய எண்ணெய் விரல் ஒன்று பதிந்திருக்கிறதாம்; தள்ளும்போது காரிலிருந்து ஒட்டிய அவர்கள் எண்ணெய். அந்த உத்தியோகத்தில் ஆறு பேருக்குப் பங்கு உண்டு...

எனக்குத்தான் கிடையாது.