சனிக்கிழமைக்காக ஒரு கோ-கோ ஆட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பள்ளி, டெல்லி ஜனக்புரியில் எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. தனியார் பள்ளி. மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த எங்களைப் போன்ற தமிழர் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் பேர், மீதி எல்லாம் பஞ்சாபிகள். சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் பிரின்சிபால் இரண்டே விஷயங்களைப் பெருமையாகச் சொல்வார். ஒன்று, இன்ஜினியரிங், மெடிக்கல் நுழைவுத் தேர்வுகளில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் இடங்கள். இன்னொன்று, பெண்கள் கோ-கோ அணி. அப்பா முதலாவதை நம்பி என்னைச் சேர்த்தார். நான் இரண்டாவதில் போய் விழுந்தேன்.

அணியின் கேப்டன் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்பவள். பஞ்சாபிப் பெண், நெட்டைக் கால்காரி. ஓட ஆரம்பித்தால் முன்னால் நிற்பவர்கள் தானாக வழிவிடுவார்கள். அவளுக்குக் கணக்கு மட்டும் வரவே வராது. டெஸ்ட் நடக்கும்போது ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. டிசம்பரில் நடக்கும் விளையாட்டு விழாவின் கடைசி நிகழ்ச்சி, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கும் டீச்சர்களுக்கும் கோ-கோ. விழா எப்போதும் வெள்ளிக்கிழமைதான். நாங்கள் ஜெயித்தால் மறுநாள் சனிக்கிழமை எங்களுக்கு லீவு. டீச்சர்கள் ஜெயித்தால் வகுப்பு உண்டு. டீச்சர்கள் ஜெயித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, சிரித்தபடி இரண்டு சுற்று ஓடிவிட்டு அவுட்டாகி டீ குடிக்கப் போய்விடுவார்கள். சனிக்கிழமை லீவு அவர்களுக்கும் பிடித்ததுதானே.

அந்த வருஷம் ஏப்ரலில் கணக்குக்குப் புது மேம் வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை. கணவர் விமானப்படையில் இருந்ததால் ஊர் ஊராக மாறி வந்தவர். தமிழர் என்று பெயரைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. வகுப்பில் ஆங்கிலம், அதுவும் அளந்துதான். காலைப் பிரார்த்தனைக்கு முன்னாலேயே வராந்தா கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப் போட்டுவிடுவார். முதலில் சரியாகப் போடுபவர் அதன் கீழே தன் ஹவுஸின் கலர் சாக்பீஸால் ஒரு வட்டம் போடலாம். மார்க் கிடையாது, பரிசு கிடையாது, வட்டம் மட்டும்தான். அதற்காக நாலு ஹவுஸ் பிள்ளைகளும் டிபன் டப்பாவைத் திறக்காமல் அங்கே நின்று அடித்துக்கொள்வோம்.

விழா நடந்த வாரத்தின் தொடக்கத்தில் வகுப்பு முடியும்போது மேம், "சனிக்கிழமை ப்ராபபிலிட்டி ஆரம்பிக்கலாம்" என்றார். பாடத்தில் அது ஒன்றுதான் பாக்கி.

கேப்டன் எழுந்து நின்றாள். "மேம், சனிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை நாங்கதான் ஜெயிப்போம்."

வகுப்பே சிரித்தது. மேம் சிரிக்கவில்லை. சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, என்ன வழக்கம், என்ன விதி என்று அவளிடமே முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "டீச்சர்ஸ் டீம்ல யார் யார் இருக்காங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு வெளியே போனார். மறுநாள் அந்த அணியில் அவரும் இருப்பதாகத் தெரிந்தது. அன்று முழுக்க எங்களுக்கு அதுதான் தமாஷ்.

வெள்ளிக்கிழமை மதியம் பனிமூட்டம் விலகி மைதானத்தில் வெயில் வந்திருந்தது. மேம் சல்வார் கமீஸில் வந்தார். பின்னலை மடித்து இறுக்கக் கட்டியிருந்தார். காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ.

கேப்டன் என் கையைப் பிடித்தாள். "ஷூவைப் பாரு."

"என்ன?"

"பழசு. முன்னாடி தேஞ்சிருக்கு. புது ஷூ போட்டுட்டு வந்திருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்."

கோ-கோ தெரியாதவர்களுக்கு: துரத்தும் அணியினர் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வரிசையாக, ஒருவர் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் பார்த்து, குந்தியிருப்பார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து துரத்துவாள். அவள் வரிசையைக் குறுக்கே தாண்டக் கூடாது, பாதியில் திரும்பக் கூடாது. ஓடுகிறவர் வரிசைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டால், குந்தியிருக்கும் ஒருத்தியின் முதுகில் தட்டி "கோ" சொல்லி அவளை எழுப்பிவிட வேண்டும். ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக வருவார்கள். தொட்டால் அவுட்.

டீச்சர்கள் முதலில் துரத்தினார்கள். எங்களில் ஐந்து பேர் அவுட். அதில் நாலு பேரைக் கணக்கு மேம் ஒருவரே தொட்டார். கேப்டனைக் கம்பத்தோரம் பாய்ந்து பிடித்தார். எழுந்து முழங்கை மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தண்ணீர் குடிக்கப் போனார்.

எங்கள் முறை வந்தது. முதல் மூன்று டீச்சர்கள் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே அவுட்டானார்கள். அடுத்த மூவரில் இரண்டு பேரைக் கேப்டன் பிடித்தாள். ஐந்துக்கு ஐந்து. அந்த மூவரில் மிச்சம் இருந்தது கணக்கு மேம் ஒருவர். நேரம் நிறையவே இருந்தது.

நாங்கள் மாறி மாறித் துரத்தினோம். அவர் எங்கள் வரிசைக்குள் ஊசி நூல் கோப்பதுபோல் உள்ளே வெளியே போய் வந்தார். என் முறை வந்தபோது அவர் ஒரு எட்டுத் தூரத்தில்தான் இருந்தார். கையை நீட்டினேன். தோளுக்கும் என் விரலுக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். ஆனால் எதிரில் கணக்கு மேம். கை தயங்கி நின்றுவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏங் கண்ணு நின்னுட்டே? ஓடியா."

ஈரோட்டுத் தமிழ். எட்டு மாதமாக இன்டக்ரேஷன் தவிர வேறெதுவும் பேசாத வாய். அதைக் கேட்டு நான் இன்னும் கொஞ்சம் நின்றேன்.

"தொடுடி, ஜல்தி" என்று பின்னாலிருந்து கேப்டன் கத்தினாள். அதற்குள் மேம் வரிசை தாண்டிப் போய்விட்டார். கேப்டன் முதுகில் தட்டி "கோ" சொன்னேன். அவள் கம்பத்தை நோக்கி ஓடி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை முழுக்க வீசினாள். மேம் இடுப்பை வளைத்தார். கேப்டனின் விரல்கள் காற்றில் போயின. நேரம் முடிந்து விசில் ஒலித்தது.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் மேமின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட ஆரம்பித்தார்கள்.

சமநிலை வந்தால் சனிக்கிழமை யாருக்கு என்று எந்த வழக்கத்திலும் இல்லை. பிரின்சிபால் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். ஹரியானாக்காரரான பி.டி. சார், "ஆதா ஆதா" என்று கையை நடுவில் வெட்டிக் காட்டினார், பாதி நாள் வகுப்பு, பாதி நாள் லீவு என்று. கேப்டன் மூச்சு வாங்கியபடி மேமிடம் போனாள்.

"மேம், கிளாஸ் வெச்சுக்கோங்க. ஆனா ரூமுக்குள்ள வேண்டாம், குளிருது. யூனிஃபார்மும் வேண்டாம்."

மேம் யோசித்தார். "சரி. ஆனா யாரும் வராம இருக்கக் கூடாது."

எல்லோரும் வந்தோம். கரும்பலகையை மைதானத்தில் வெயில் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் புல்லில் உட்கார்ந்தோம். யாரோ வேர்க்கடலையும் கஜக் மிட்டாயும் கொண்டுவந்திருந்தார்கள். மேம் காசையும் பகடையையும் விட்டுவிட்டுக் கேப்டனை எழுப்பி நிறுத்தினார். கம்பத்தருகே வரும் ஒருத்தி இடது பக்கம் போக எவ்வளவு வாய்ப்பு, வலது பக்கம் போக எவ்வளவு, நேற்று அவளுக்குப் பின்னால் வந்தவர் எதை நம்பிப் பாய்ந்தார் என்று கேட்டார். கேப்டன் பலகைக்குப் போய், தானே சாக்பீஸை எடுத்து எழுதினாள். அவள் பலகைக்குத் தானாகப் போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வகுப்பு முடிந்து இரண்டு அணியையும் கலந்து இன்னொரு ஆட்டம் ஆடினோம். நான் மேம் பக்கம். களைத்துப்போய் உட்கார்ந்தபோது தைரியம் வந்து, "எங்க ஆடினீங்க மேம்?" என்று தமிழில் கேட்டேன்.

"காலேஜ்ல. யுனிவர்சிட்டி டீம்ல இருந்தேன். அப்புறம் கல்யாணம், மாத்தல்னு போயிருச்சு. கூட ஆட ஆளே கெடைக்கலே கண்ணு."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க யாரும் கேக்கலியே."

கடலைத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தார். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எந்தக் கம்பத்தில் மோதியது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பி.டி. சார் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச்சில் பரீட்சை. ப்ராபபிலிட்டிக் கேள்வியைக் கேப்டன் முழுசாகப் போட்டுவிட்டு வந்தாள். கணக்கில் பாஸ். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. எனக்கு இன்ஜினியரிங் கிடைத்ததில் அப்பாவின் நம்பிக்கையும் வீண்போகவில்லை.

அடுத்த டிசம்பரில் நாங்கள் இரண்டு பேரும் விழா பார்க்கப் போனோம். டீச்சர்கள் அக்டோபரிலிருந்தே சாயங்காலம் பயிற்சி எடுக்கிறார்களாம், ஹிந்தி மேம்கூட ஷூ வாங்கிவிட்டாராம். மாணவிகள் தோற்றார்கள், அதுவும் மோசமாக. தோற்றுப்போன பெண்கள் நேரே எங்களிடம் வந்தார்கள்.

"தீதீ, உங்க பேட்ச்னாலதான் எங்களுக்கு லீவே இல்ல."

கேப்டன் அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "லீவு வேணும்னா காலைல ஆறு மணிக்கு வாங்க. நான் வர்றேன்."

அவள் நிஜமாகவே போனாள். அந்தக் குளிர்காலம் முழுவதும், காலேஜுக்குப் பஸ் பிடிக்கும் முன்னால்.