எஸ்தர் அக்காவின் இருபதாவது பாட்டு

இடம் இல்லை என்று சொன்னேன். இடம் இருந்தது!

இருபது ஆண்டுகளாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஆனால் தலை குனிந்து சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்... எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அப்போது சிதம்பரத்தில் சி.டி. எழுதித் தரும் கடை வைத்திருந்தேன். கிள்ளையிலிருந்தும் மங்கலம்பேட்டையிலிருந்தும் என்னைத் தேடி வருவார்கள். நான் எழுதிய சி.டி. எந்த பிளேயரிலும் ஓடும் என்று பேர். அது சும்மா வந்த பேர் அல்ல.

கடலூரில் உள்ள எங்கள் சபையின் பாடகர் குழு, ஆலய ஆண்டுவிழாவில் வெளியிடுவதற்காக என் கடைக்கே வந்து இருபது பாட்டுகள் பதிவு செய்தது. இருபதாவது பாட்டு எஸ்தர் அக்காவுடையது. பல ஆண்டுகள் பின்வரிசையில் நின்று பாடியவருக்கு முதன்முதலாகக் கிடைத்த தனிப்பாட்டு.

எழுத உட்கார்ந்தேன். எண்பது நிமிட டிஸ்க். பாட்டுகளின் மொத்த நீளம் எழுபத்தொன்பதரை நிமிடம். ஆனாலும் இடம் போதாது என்று திரையில் வந்தது! நான் வழக்கமாக எழுதிய முறை, ஒவ்வொரு பாட்டாக எழுதி, இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் இரண்டு நொடி வெற்றிடம் விடும். அந்த வெற்றிடங்கள் எல்லாம் சேர்ந்து எண்பதைத் தாண்டிவிட்டன. அது எனக்கு அன்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் எனக்குத் தெரியாது!

"ஒரு பாட்ட எடுத்தாவணும் மாமா. டிஸ்க் அளவு அவ்ளோதான். எந்தக் கொம்பன் வந்தாலும் இதுக்கு மேல ஏத்த முடியாது" என்றேன், குழுத் தலைவர் தேவராஜ் மாமாவிடம். குழு முழுவதும் நின்று கேட்டது.

கடைசிப் பாட்டையே எடுத்துவிடலாம் என்றார் மாமா. எஸ்தர் அக்கா சிரித்தார்.

"இடம் இல்லன்னா தம்பி இன்னா பண்ணும்? உடுங்க மாமா."

அவர்கள் பஸ் ஏறிய பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடியாது என்று ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் சொல்வதா? மென்பொருளில் நான் அதுவரை தொடாத ஒரு வரி இருந்தது: டிஸ்க் அட் ஒன்ஸ். முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் எழுதும் முறை. நாம் கேட்டால்தான் இடைவெளி விடும். இடைவெளியே வேண்டாம் என்று கொடுத்து எழுதினேன். இருபது பாட்டும் ஏறிவிட்டன! அரை நிமிடம் மிச்சம் வேறு!

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். மார்க்கரை எடுத்து டிஸ்க்கின் மேல் 'இருபது பாட்டு, டிஸ்க் அட் ஒன்ஸ்' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

பிறகு மாமாவிடம் சொல்லப் போனை எடுத்தேன்... வைத்துவிட்டேன். பிரதிகள் எழுத இன்னும் ஒரு நாள் இருந்தது. ஒரு முழு நாள்! ஆனால் அத்தனை பேர் முன்னால் 'எந்தக் கொம்பன் வந்தாலும்' என்று சொன்ன வாய் இது. அதை நானே எப்படித் திருப்பி எடுப்பேன்? இருநூறு பிரதிகளிலும் பத்தொன்பது பாட்டுகளே எழுதினேன்.

அடுத்த ஆண்டு எஸ்தர் அக்காவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை. குரல் கம்மிப்போனது, திரும்பவே இல்லை. பதிவு இருந்த கம்ப்யூட்டரும் ஒரு மழை வெள்ளத்தில் போனது. அக்காவின் அந்தக் குரல் இப்போது இருப்பது என் பீரோவில் உள்ள அந்த ஒரே டிஸ்க்கில்தான்.

போன மாதம் கடலூரில் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்ததும் அக்கா தன் மருமகளைக் கூப்பிட்டார். கரகரத்த குரலில் சொன்னார்: "நானும் ஒரு பாட்டு பாடனேன்மா. சி.டி.ல இடம் பத்தல. தம்பி பாவம், எவ்ளவோ முயற்சி பண்ணுச்சு."

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தலையாட்டினேன்!

பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். கொடுக்கலாம். இப்போதுதான் கிடைத்தது என்று ஒரு பொய்யும் சொல்லலாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்... நினைத்தாலே உடம்பு கூசுகிறது. உண்மையைச் சொல்லவோ, என் பேர் என்னை விடவில்லை.

நேற்றும் அந்த டிஸ்க்கைப் போட்டுக் கேட்டேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. இப்படி எழுத அன்று இந்த மாவட்டத்தில் வேறு யார் இருந்தார்கள்? முதலில் அந்தப் பெருமைதான் வருகிறது... வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் முதலில் வருகிறது. அக்காவின் குரல் அதற்குப் பிறகுதான் காதில் விழுகிறது.

பாட்டு முடிந்து பிளேயர் நின்றது. அதற்கு மேலும் அந்த டிஸ்க்கில் அரை நிமிட இடம் மிச்சம் இருக்கிறது.