இரண்டு கேபிளிலும் செத்தவர்

மதுரைக்கு மேற்கே கோச்சடையில் மோட்டார் மலையாண்டி என்றால் தொண்டைக்குப் பெயர் போனவர். கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்வது தொழில். ஓடுகிற மோட்டாரின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகியதால், அவர் வரப்பில் நின்று சாதாரணமாகப் பேசினாலே ரோட்டில் சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இடது கை மோதிர விரலில் மேல் கணு கிடையாது. மோட்டார் பெல்ட்டில் சிக்கிப் போய்விட்டது. அந்த மொட்டை விரலை ஆட்டி ஆட்டித்தான் பேசுவார்.

அவருக்கு ஒரு சபலம் உண்டு. எங்கே கேமராவைக் கண்டாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிடுவார். அய்யனார் கோயில் திருவிழா வீடியோவில் சாமியைவிட மலையாண்டிதான் அதிகம் தெரிகிறார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

எண்பதுகளின் கடைசி அது. வி.சி.ஆரில் கேசட்டைப் போட்டு வீடுகளுக்குக் கம்பி இழுத்துப் படம் காட்டும் கேபிள்காரர்கள் ஏரியாவுக்கு ஏரியா முளைத்திருந்தார்கள். கோச்சடைக்குத் தவசி. பசுமலைக்கு ஞானசீலன், மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர், சர்ச்சில் மதிப்பான மனிதர். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்ச் செய்தி என்று அரை மணி நேரம் போட்டார்கள். திருவிழா, பள்ளி ஆண்டு விழா, விபத்து, மழை, வெள்ளம். அவன் போட்டதை இவர் போடாமல் விட்டால் மானம் போய்விடும். இரண்டு பேருக்கும் நடுவில் கம்பியை அறுக்கிற அளவுக்குப் பகை.

இரண்டு பேருக்கும் படம் எடுத்துக் கொடுத்தவன் ஒருவன்தான். கிருபாகரன் என்று கல்யாண வீடியோ எடுக்கிற பையன். ஒரு நாள் அவனே தவசியிடம் சொன்னான்: "அண்ணே, ஒரே தேர உங்களுக்கு ஒருவாட்டி, சாருக்கு ஒருவாட்டி எடுக்குறேன். கேசட்டுக் காசு, கேமரா வாடகை எல்லாம் ரெட்டிப்பு. ஒண்ணா எடுத்துக் காப்பி போட்டுக்கிட்டா என்ன?"

யோசனை இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஒரு படம், இரண்டு கேசட். கூடவே வாசிக்கிற சேதியும் ஒன்றுதான். தவசி எழுதிக் கொடுப்பதை ஞானசீலன் தன் குரலில் வாசித்துவிடுவார். ஆனால் வெளியில் பகை பகையாகவே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டார்கள். சண்டை இருந்தால்தானே ஜனம் இரண்டு பக்கமும் பார்க்கும். ஆகவே ஊரில் யாருக்கும் இந்தச் சங்கதி தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசியில் வைகையில் வெள்ளம் வந்தது. தேனிப் பக்கம் கிணறுகளில் மோட்டார்கள் முங்கிவிட்டன என்று ஆள் வந்து கூப்பிட, மலையாண்டி சாமான் பையைத் தூக்கிக்கொண்டு சின்னமனூருக்குப் பஸ் ஏறினார். "வேலை முடியிற வரைக்கும் அங்கினதான் கெடப்பேன், தேடாத" என்று மனைவி செல்லத்தாயிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாள், கோச்சடைக் கரையோரம் கருவேல முள்ளில் ஒரு பிணம் வந்து தட்டியது. கிருபாகரன் கேமராவோடு ஓடினான். ஞாயிறு சாயங்காலம் தவசியின் கேபிளில் வெள்ளம் ஓடியது, கூட்டம் தெரிந்தது, கரையில் கிடத்திய உடம்பு தெரிந்தது. இறந்தவர் கோச்சடை மோட்டார் மெக்கானிக் மலையாண்டி என்று தவசி வாசித்தான்.

செல்லத்தாய் வீட்டில் டி.வி. கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து சொன்னபோது அவள் நம்பவில்லை. "தவசி வாயில என்னைக்கு நெசம் வந்துச்சு? அவுக சின்னமனூருல இருக்காக" என்று உலையில் அரிசியைப் போட்டாள். ஆனால் விடிந்ததும் பசுமலையிலிருந்து அவளுடைய அக்கா அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"ஏத்தா செல்லத்தாயி, ஞானசீலன் சாரே சொல்லிட்டாருத்தா!"

"அவரு சொன்னாரா?"

"எங்க டி.வி.யில பாத்தேன். அவருக்கும் தவசிக்கும் ஆகாது. அவன் சொன்னதையே அவரும் சொல்றாருன்னா அது பொய்யாவா இருக்கும்?"

அதற்கு மேல் செல்லத்தாய் நிற்கவில்லை, அக்காளோடு ஓடினாள். ஆஸ்பத்திரிப் பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். தண்ணீரில் ஊறிய முகம். அவள் முகத்தைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். இடது கையைப் பார்த்தாள். மோதிர விரலில் மேல் கணு இல்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். அன்றைக்கே எரித்தார்கள். மூன்றாம் நாளே காரியத்தையும் முடித்துத் தாலியை இறக்கினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் மலையாண்டி பஸ்ஸைவிட்டு இறங்கினார். நல்ல வெயில். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "என்ன மாப்ள, இங்க மழ விட்டுருச்சா?" என்றார். ஒருவரும் ஓடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, அவர் போகிற வழியை விட்டு ஒதுங்கி நின்றார்கள். குழாயடியில் ஒரு பெண் தன் பிள்ளையின் முகத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். திறந்துவிட்ட தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. நிறுத்த ஆள் இல்லை.

அவர் வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ஏய் செல்லத்தாயி!"

உள்ளே ஏதோ உருண்டது. பிறகு கதவுக்குப் பின்னால் ரொம்பப் பக்கத்தில் அவள் குரல். "என்ன வேணும் உங்களுக்கு? எல்லாம் முறையாத்தான செஞ்சோம்? எதுவும் கொற வைக்கலையே."

"என்னடி பேசுற? நாந்தான்டி!"

"தெரியுது. நீங்கதான். அதான் பயமா இருக்கு."

மலையாண்டி கத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தொண்டை எழும்பவில்லை. வாசலில் சாமான் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்துத் தவசி வந்தான். தூரத்தில் நின்று பார்த்தான், கிட்டே வந்தான், தோளைத் தொட்டான். தொட்ட கையை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

"அண்ணே, சத்தியமா நாங்களா சொல்லலண்ணே. கூட்டத்துல எவனோ உங்க பேரச் சொன்னான். கேசட்டுலயே இருக்கு."

"அந்தக் கேசட்ட நான் பாக்கணும்" என்றார் மலையாண்டி.

அசல் கேசட் ஞானசீலனிடம் இருந்தது. மறுநாள் காலையில் அவரும் தவசியும் பசுமலைக்குப் போனார்கள். செல்லத்தாயும் வந்தாள். ராத்திரி முழுக்க அக்காள் தைரியம் சொல்லித்தான் கதவைத் திறந்திருந்தாள். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞானசீலனின் அறையில் சன்னலைச் சாத்திக் கேசட்டைப் போட்டான் கிருபாகரன். காப்பி போடுகிறபோது அவன் பல தடவை பார்த்த படம்தான். செம்மண் நிறத்தில் வெள்ளம். முள். கரையில் வேட்டி சட்டையோடு ஓர் உடம்பு. கேமரா கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முகத்துக்குப் போயிற்று. மலையாண்டி குனிந்து பார்த்தார். சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம் கண்ணை மூடிக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்குத்தான் தெரியும்? அவருக்கு அப்போது தெரிந்தது.

"இந்தா, இப்பத்தான் பேரு வரும்" என்று கிருபாகரன் சத்தத்தைக் கூட்டினான்.

கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் வந்தது. "அட, நம்ம மோட்டார் மலையாண்டிப்பா இது!" படத்தில் தெரிந்த கூட்டத்தில் யாருடைய வாயும் அசையவில்லை.

"யாரு இது?" என்றார் மலையாண்டி. "கேட்ட கொரல் மாதிரி இல்லையே."

கிருபாகரன் திருப்பிப் போட்டான். மறுபடியும் அந்தக் குரல். அறையில் மற்ற நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். தன் குரல் வெளியிலிருந்து வந்தால் தனக்கே அடையாளம் தெரியாது. பேரை மட்டும் கவனித்துக் குரலைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு, ஆள் பக்கத்தில் இருந்து பேசிய பிறகுமா தெரியாமல் போகும்? செல்லத்தாய்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"உங்க கொரலுதாங்க."

ஞானசீலன் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தார். வெளியே பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டு மணிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி, "தவசி, நாம ரெண்டு பேரும் சொன்னதா ஊர் நெனைச்சுச்சு. சொன்னது ஒரு ஆளுதான். அதுவும் யாருன்னு தெரியல" என்றார். பிறகு கிருபாகரனிடம், "அழிச்சிரு தம்பி" என்றார். இரண்டு கேசட்டின் மேலும் அன்றைக்கே வேறு படத்தை ஏற்றினார்கள். அதோடு அவர்கள் கூட்டும் முறிந்தது. செலவானாலும் பரவாயில்லை என்று ஞானசீலன் தனியாக ஒரு கேமரா வாங்கினார்.

மலையாண்டி உயிரோடு இருக்கிறார் என்று அடுத்த ஞாயிறு இரண்டு கேபிளிலும் சொன்னார்கள். அவரையே நிற்க வைத்துப் பேசச் சொன்னார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கியவரைக் கேமராவுக்கு முன்னால் இழுத்துத்தான் வர வேண்டியிருந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று முனகினார். அது பழைய திருவிழா கேசட்டிலிருந்து எடுத்தது என்று பசுமலையில் பலர் கடைசிவரை சொன்னார்கள். செத்துப்போனவன் யார் என்று போலீஸ் விசாரித்தது. எந்த ஊரிலிருந்தும் யாரும் ஆளைக் காணோம் என்று வரவில்லை.

அய்யனார் கோயிலில் வைத்துச் செல்லத்தாய்க்கு மறுபடியும் தாலி கட்டினார் மலையாண்டி. அவள் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். ஆனால் முடிச்சுப் போட்ட அந்த இடது கையை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஆடி அமாவாசைக்கு அவர் ஆற்றங்கரைக்குப் போய், பெயர் தெரியாத அந்த மனிதனுக்குச் சோறு வைத்தார். யாருக்கு வைப்பதாகச் சொல்லி வைப்பது என்று ஐயர் கேட்டபோது அவர் ஆற்றைக் காட்டினார்.

கிணற்று வேலைக்கு வெளியூர் போவதை விட்டுவிட்டார். பேச்சும் குறைந்துவிட்டது. எண்ணெய்க் கறையோடு வந்து வாசலில் நின்று கூப்பிடுவார். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும் என்பார்கள். செல்லத்தாய் முதல் கூப்பாட்டுக்கு அசைய மாட்டாள். இரண்டாவதற்கு எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் அங்கே நிற்பது அவருக்கும் தெரியும். கோபப்படாமல், மூன்றாவது தடவையும் அவள் பெயரைச் சொல்வார்.