வளைவில் ஏழு பட்டைகள்

முப்பத்தொரு வருடம் சாலையில் வெள்ளைக் கோடு போட்டவர் அவர். சாலைப் பராமரிப்புப் பிரிவில் எல்லோருக்கும் கோட்டுக்காரர். "ஊருக்கே கோடு போடுவாரு, வீட்டுல அண்ணி போட்ட கோட்டைத் தாண்டமாட்டாரு" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அந்த அண்ணி, அதாவது அவர் மனைவி, நான்கு வருடமாகப் படுக்கையில். பள்ளிக்கூடத்து வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தபோது லாரி இடித்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க, புண் வராமல் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள்.

அந்த வளைவில் நடப்பவர்கள் கடக்கப் பட்டைகளும், சைக்கிளுக்குத் தனிப் பாதையும் கேட்டு அவர் மேலதிகாரிகளுக்கு மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் ஒரே பதில்: இதற்கென்று நிதி இல்லை. அதற்குள் இன்னும் இரண்டு பேர் அங்கே அடிபட்டார்கள். ஒருவர் பிழைக்கவில்லை.

இந்த வருடம் அந்தச் சாலைக்குப் புதுத் தார் போட முடிவானது. தார் போட்டால் கோடும் புதிதாகப் போட்டே ஆகவேண்டும். பெயின்ட், ஆள்கூலி எல்லாம் பராமரிப்புச் செலவிலேயே அடங்கிவிடும். தனி நிதி வேண்டாம். ஆனால் அவர்கள் பிரிவில் ஒரு வழக்கம்: தாருக்கு முன் பொறியாளர் படம் எடுப்பார். படத்தில் இருக்கும் கோடு மட்டுமே திரும்ப வரும். இப்போது விட்டால் அடுத்த தார் பத்து வருடம் கழித்துத்தான்.

படம் எடுத்த அன்று காலையில் நானும் அங்கே நின்றேன்; மருந்துக்கடை அந்த வளைவில்தான் இருக்கிறது. சாலையின் குறுக்கே ஏழு பட்டைகள். ஓரத்தில் சைக்கிள் கோடு. டயர் பட்டுத் தேய்ந்து, வெடித்து, வருடக்கணக்கில் வெயில் தின்றவை போல இருந்தன. முந்தின நாள் அதே இடத்தைக் கடந்திருக்கிறேன், வெறும் தார்.

"யோவ், இதை எப்ப போட்டே?" என்றார் பொறியாளர்.

"நான் போடலை சார்."

"அப்ப பேயா வந்து போட்டுச்சு?"

"பேய் போட்டா இவ்ளோ நேரா இருக்காது சார்" என்றார் ரோலர் ஓட்டுபவர். எல்லோரும் சிரித்தார்கள். கோட்டுக்காரர் மட்டும் குனிந்து ஒரு பட்டையைத் தொட்டுவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டு படம் எடுத்தார்.

நான் வீட்டுக்குப் போய் அவர் மனைவிக்கு உடம்பு துடைத்தேன். இரண்டு உள்ளங்கால்களிலும் வெள்ளைப் பெயின்ட். சோப்புக்கு அசையவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். யாராவது விளையாட்டுக்குப் பூசியிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு குதிகாலைப் பார்த்தேன். கொப்புளம். படுக்கைப் புண் எனக்குத் தெரியாததல்ல; இது வெகுதூரம் நடந்தவர்களுக்கு வருவது. மருந்து வைத்துக் கட்டினேன்.

அடுத்த வாரம் புதுத் தார்மேல் ஏழு பட்டைகளையும் சைக்கிள் கோட்டையும் கோட்டுக்காரரே போட்டார். அதன்பின் அங்கே யாரும் அடிபடவில்லை. வண்டிகள் நிற்கின்றன. கடக்க ஆள் இல்லாதபோதும் நிற்கின்றன.

பஸ் ஓட்டுநர் ஒருவர் அவரிடம் சொன்னாராம்: "என்னண்ணே இது, தினம் எட்டேகாலுக்கு ஒரு அம்மா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு குறுக்க வர்றாங்க. பிரேக் போட்டுப் பாத்தா ஆளைக் காணோம்!"

இதை அவர் சமையலறையில் என்னிடம் மட்டும், காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அந்த டிரைவரை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், நல்லா தள்ளிதான் நிறுத்துறாரு."