பாலத்தில் சிக்கிய கால்

நானும் சவரிமுத்துவும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். இருவருக்கும் புகைப்படப் பைத்தியம். யுத்த காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, ரெட்டியார்சத்திரம் பக்கம் பாழாய்க் கிடந்த ரயில் பாதையை அவர் எடுத்த படத்தை ஸ்டூடியோக்காரர் வாசலில் மாட்டிவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அங்கே போகப்போவதாகச் சவரிமுத்துவிடம் சொன்னேன்.

“அங்க ஓடைக்கு மேல இருக்கிற பாலத்து மேல மட்டும் ஏறாதீக சார். சிலீப்பர் கட்டையெல்லாம் உளுத்துக் கெடக்கு” என்றார்.

நல்ல படம் எனக்குக் கிடைத்துவிடக் கூடாதென்றே தடுக்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் ஏறிச் சில அடி நடந்தேன். எதிரே தெரிந்த மலை முழுதும் படத்தில் விழட்டும் என்று கேமராவில் கண்ணை வைத்தபடி பின்னால் நகர்ந்தேன். கட்டை முறிந்து, வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. கீழே ஓடைப் பாறைகள். நான் போட்ட கூச்சலில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடிவந்து கரையிலிருந்தே தொரட்டிக் கம்பை நீட்டினார்.

“அந்தப் பொட்டிய விடுய்யா! ரெண்டு கையாலயும் புடி!”

விட்டேன். கேமரா பாறையில் விழுந்து நொறுங்கியது. நான் பிழைத்தேன்.

மறுநாள் நொண்டிக்கொண்டே போய், அவரைப் பற்றி நான் நினைத்ததைச் சவரிமுத்துவிடமே சொன்னேன். அவர் “ஞாயித்துக்கிழமைக்கு என் கேமராவ எடுத்துக்கங்க சார்” என்றார்.

அவருடைய படங்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அவர் போகாதே என்ற இடத்துக்கு இப்போது நான் போவதில்லை.